பக்கத்து வீட்டுக் கணக்கா, சொந்தக் கையெழுத்தா?

வீடுகளில் தண்ணீரை மிச்சப்படுத்த வைக்க ஒரு வழி, அக்கம்பக்கத்தாரின் பயன்பாட்டைக் காட்டுவது. 2007இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்திலுள்ள கோப் கவுன்டியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளை வைத்து இதைச் சோதித்தார்கள். சேமிப்புக் குறிப்புகளை மட்டும் அனுப்பியபோது பலன் சொற்பம். ஒப்பீட்டையும் சேர்த்து அனுப்பியதும் பயன்பாடு சுமார் 4.8 சதவீதம் குறைந்தது. ஒரு கடிதத்துக்கு இது பரவாயில்லை, ஆனால் நாளாக ஆக வேகம் தேய்ந்தது. சராசரிக்குக் கீழே இருப்பவர், 'அப்போ இன்னும் கொஞ்சம் செலவழிக்கலாமே' என்று நினைக்கும் ஆபத்தும் உண்டு. மின்சார ஆய்வொன்றில் இப்படித்தான் நடந்தது. பாராட்டாக ஒரு சிரிப்பு முகம் சேர்த்ததும் அது அடங்கியது.

இன்னொரு வழி மனச்சாட்சியைச் சீண்டுவது. 1992இல் வெளியான கலிஃபோர்னிய ஆய்வில், நீச்சல் முடித்துவந்த மாணவிகளிடம் முதலில் அவர்களே தண்ணீரை வீணாக்குவதை நினைவூட்டும் கேள்விகள் கேட்டார்கள். அப்புறம் 'குறைந்த நேரம் குளியுங்கள்' என்று மற்றவர்களைக் கேட்கும் அறிவிப்பில் கையெழுத்து வாங்கினார்கள். எதுவும் கேட்கப்படாதவர்கள் சுமார் ஐந்து நிமிடம் குளிக்க, இவர்கள் நான்கு நிமிடத்துக்குள் முடித்துவிட்டார்கள்.

குறைப்பில் இரண்டாவதுதான் பெரிது. ஆனால் அளந்தது ஒரே ஒரு குளியலை. அதுவும் ஆளுக்கு ஆள் நேரில் பேச வேண்டும். ஊர் முழுவதற்கும் என்றால் கடிதம்தான் கட்டுப்படியாகும். விடுதி, குடியிருப்பு என்றால் நான் கையெழுத்தைத்தான் தேர்ந்தெடுப்பேன்.