ஐயூவின் பதின்பருவ ஆல்பங்கள்: எதைக் கேட்கலாம், எதைத் தாண்டிப் போகலாம்

2025 மார்ச்சில் நெட்ஃப்ளிக்ஸில் வந்த 'வென் லைஃப் கிவ்ஸ் யூ டேஞ்சரின்ஸ்' தொடரைப் பார்த்து அழுது முடித்த கையோடு, அந்த நடிகை பாடவும் செய்வார் என்று தெரிந்து தென்கொரியாவின் ஐயூவின் பாட்டுகளைத் தேடிப் போகிறவர்கள் பெரும்பாலும் போய் நிற்பது அவருடைய பிற்காலப் பாட்டுகளில்தான். அவர் நடித்த 'மை மிஸ்டர்' தொடர் வழியாக வந்தவர்களும் அப்படித்தான். அவை நல்ல பாட்டுகள், மறுக்கவில்லை. ஆனால் லீ ஜி-உன் என்ற இயற்பெயர் கொண்ட அந்தப் பெண் பதினைந்து வயதில் முதல் மேடை ஏறியதிலிருந்து, பதினெட்டு வயதில் பாடகி, நடிகை, தொகுப்பாளர் என்று மூன்று வேலையையும் ஒன்றாகத் தூக்கிச் சுமந்தது வரை, அதாவது 2008 முதல் 2011 வரை வந்தவற்றை வரிசையாகக் கேட்டால்தான் அந்தக் குரலின் அருமை புரியும் என்பது என் கட்சி. குரல் ஆரம்பத்திலேயே முழுசாக இருந்தது. மாறிக்கொண்டே இருந்தது, சுற்றி இருந்த பெரியவர்கள் அந்தக் குரலை எவ்வளவு நம்பினார்கள் என்பதுதான். ஆல்பங்களை நான் எடை போடுவதும் அதை வைத்துத்தான்.

முதலில் 2008 செப்டம்பரில் வந்த 'லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்'. இதன் பின்கதை ரசிகர்களுக்குத் தெரிந்ததுதான்: அம்மா உறவினருக்குக் கடன் ஜாமீன் நின்று குடும்பம் நொடித்துப்போய், சியோலில் பாட்டியோடு ஒரே அறையில் இருந்த காலம், இருபது ஆடிஷன் அளவுக்குத் தோல்வி, நடுவில் பணம் பறித்த போலி ஏஜென்சிகள், கடைசியில் 2007இல் லோயன் என்டர்டெயின்மென்ட் என்ற இசைக் கம்பெனி, பத்து மாதப் பயிற்சி. செப்டம்பர் 18 அன்று 'எம் கவுண்ட்டவுன்' என்ற தொலைக்காட்சி இசை நிகழ்ச்சியின் மேடையில் 'லாஸ்ட் சைல்ட்' பாடியபோது கூட்டத்திலிருந்து உருவத்தைக் கேலி செய்து கத்தினார்கள் என்று அவரே பின்னாளில் தொலைக்காட்சியில் சொல்லியிருக்கிறார். விற்பனையிலும் ஆல்பம் எடுபடவில்லை.

இந்தத் தோல்வியைத்தான் முதலில் கேளுங்கள் என்று சொல்ல வருகிறேன். 'லாஸ்ட் சைல்ட்' ஒரு கனமான, இருண்ட பாட்டு. கீழ் ஸ்தாயியில் கிட்டத்தட்ட முணுமுணுப்பாக ஆரம்பித்து, வயலின்கள் சேரச் சேர மேலே ஏறி, பல்லவி உடைகிற இடத்தில் குரலைத் திறந்து விடுகிறார். பதினைந்து வயசுக் குழந்தைக்கு இவ்வளவு சோகமான பாட்டா என்று அன்று சொன்னவர்கள் உண்டு. எனக்கும் பாட்டின் ஜோடனை கொஞ்சம் அதிகம் என்றுதான் படுகிறது, அந்தக் காலக் கொரிய சோகப் பாட்டுகளுக்கே உரிய ஆர்ப்பாட்டம் இதிலும் இருக்கிறது. ஆனால் பாடுகிற விதத்தில் ஒரு இடத்தில்கூடக் குழந்தைத்தனம் கிடையாது. சொல் முடிகிற இடத்தில் கொஞ்சம் காற்றை மட்டும் விட்டுவிட்டு நிறுத்துகிறாரே, இப்போது நாற்பதாயிரம் பேர் இருக்கிற அரங்கத்தில் பாடும்போதும் அவர் செய்வது அதையேதான். மற்ற பாட்டுகள் இந்த அளவுக்கு இல்லை. இந்த ஒன்றுக்காகவே ஆல்பத்தை எடுக்கலாம்.

சோகம் விற்கவில்லை என்றதும் கம்பெனி எதிர்ப்பக்கம் ஓடியது. 2009 ஏப்ரலில் 'குரோயிங் அப்', அதில் 'பூ'. அதே வருஷம் நவம்பரில் 'மார்ஷ்மெல்லோ'. துள்ளல் தாளம், பளிச்சென்ற உடை, கன்னத்தில் விரல் வைக்கிற ஆட்டம். இதை விரும்பிக் கேட்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, 'பூ' காதில் ஒட்டிக்கொள்ளும் மெட்டுதான். ஆனால் பாட்டு முழுக்கக் குரல் ஒரு சின்னப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறது, மூக்கு வழியாக, மெல்லிசாக, இனிப்பாக. யார் வேண்டுமானாலும் பாடியிருக்கலாம். இவரிடம் இருந்தது யாரிடமும் இல்லாதது, அதைப் பூட்டிவைத்துவிட்டு யாரிடமும் இருப்பதை வாங்கியிருக்கிறார்கள். 'மார்ஷ்மெல்லோ'வைத் தாண்டிப் போய்விடுங்கள், ஒன்றும் நஷ்டமில்லை.

அந்தச் சமயத்தில் அவரைக் காப்பாற்றியது ஆல்பம் அல்ல, கிட்டார். யூ ஹீ-யோல் நடத்திய கேபிஎஸ் தொலைக்காட்சியின் இசை நிகழ்ச்சியில் தனியாக உட்கார்ந்து, அன்றைய பிரபல குழுக்களான சூப்பர் ஜூனியரின் 'சாரி சாரி', கேர்ள்ஸ் ஜெனரேஷனின் 'ஜீ', பிக் பேங்கின் 'லைஸ்' எல்லாவற்றையும் வெறும் கிட்டாரோடு பாடினார். ஒரு கூட்டமே ஆடி, கம்ப்யூட்டர் இசை போட்டுத் தாங்கிய பாட்டுகள் அவை. ஒற்றை ஆளாக, ஆறு கம்பியை வைத்துக்கொண்டு பாடியபோது மெட்டுக்குள் இருந்த சோகம் வெளியே தெரிந்தது. அந்த வீடியோ இணையத்தில் பரவிய பிறகுதான் 'இந்தப் பெண்ணுக்கு உண்மையிலேயே பாட வரும்' என்ற பேச்சே கிளம்பியது. ஆல்பக் கணக்கில் இது வராது, ஆனால் 2009இன் ஐயூவில் ஒன்றே ஒன்று பார்க்க வேண்டும் என்றால் இதைத்தான் பார்க்கச் சொல்வேன்.

2010 ஜூனில் 2ஏஎம் குழுவின் லிம் சுல்-ஓங்கோடு பாடிய 'நேகிங்', அவருக்குக் கிடைத்த முதல் பெரிய வெற்றி. காதலர்கள் ஒருவரையொருவர் நச்சரிக்கிற இலகுவான பாட்டு, கேட்கச் சுகம், அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

சரி, 'ரியல்'. 2010 டிசம்பர் 9. பதினேழு வயது. இந்த மூன்று வருஷத்திலிருந்து ஒரே ஒரு சிடி வாங்குவதென்றால் இதை வாங்குங்கள், யோசிக்கவே வேண்டாம். 'குட் டே' இதில்தான் இருக்கிறது. லீ மின்-சூ இசை, கிம் ஈ-னா வரிகள். கொரியாவின் கவோன் இசைத் தரவரிசையில் தொடர்ந்து ஐந்து வாரம் முதலிடம், 2019இல் பில்போர்டு அந்தப் பத்தாண்டின் சிறந்த கே-பாப் (கொரிய பாப்) பாட்டு என்று தேர்ந்தெடுத்ததும் இதைத்தான். புகழ் முழுக்கக் கடைசியில் வரும் 'மூன்று படி உச்சஸ்வர'த்தின் மேல்தான் குவிந்திருக்கிறது. அதை ஒரு நிமிஷம் நின்று கவனியுங்கள். மி-யில் தொடங்கி, ஃபா, அப்புறம் ஃபா ஷார்ப். அதாவது ஒவ்வொரு படியும் வெறும் அரை ஸ்வரம், மொத்தமே இரண்டு அரை ஸ்வரம்தான் ஏறுகிறார். ஏதோ மலை ஏறியதுபோல நமக்குத் தோன்றுவதற்குக் காரணம், நடுவில் மூச்சு விடாமல், குரல் நடுங்காமல், ஒவ்வொரு படியிலும் கொஞ்ச நேரம் நின்று, இதோடு முடிந்தது என்று நாம் நினைக்கும்போது இன்னும் ஒரு படி வைப்பதுதான். சத்தம் போட்டுப் பாடுகிற யாரும் உச்சத்தைத் தொட்டுவிடலாம், உச்சத்தில் நின்றுகொண்டு மெதுவாக நகர்வதுதான் கஷ்டம்.

ஆனால் எனக்கு அந்தப் பாட்டில் பிடித்த இடம் அதுவல்ல. ஆரம்பத்திலேயே, கண்ணில் நீர் முட்டுவதால் அது வழியாமலிருக்கத் தலையை நிமிர்த்திக்கொண்டு, வானம் எவ்வளவு நீலம் என்று பேச்சை மாற்றுகிற ஒரு பெண்ணைப் பாடுகிறாரே, அந்த வரிகளில் குரலில் அழுகையும் இல்லை, சிரிப்பும் பாதிதான் இருக்கிறது. பித்தளை வாத்தியங்கள் பின்னால் திருவிழா மாதிரி முழங்கிக்கொண்டிருக்க, முன்னால் ஒரு பெண் சமாளித்துக்கொண்டிருக்கிறாள். அது நடிப்பு. பிறகு நடிகையாக வந்து நம்மை அழவைக்கப் போகிறவர் இந்த நாலு நிமிஷத்துக்குள்ளேயே தெரிந்துவிட்டார். 'அண்ணா, எனக்கு உங்களைப் பிடித்திருக்கிறது' என்ற பொருளில் வரும் வரிதான் அவரை 'தேசத்தின் தங்கை' ஆக்கியது, நடுவயது ஆண்கள் தங்களை 'மாமா ரசிகர்கள்' என்று சொல்லிக்கொண்டு வரிசை கட்டினார்கள். பதினேழு வயசுப் பெண்ணை வைத்து அப்படி ஒரு வியாபாரம் நடந்தது எனக்குச் சங்கடமாகவே இருக்கிறது. பாட்டு அதைவிடப் பெரியது என்பதால் நிற்கிறது. 2022 செப்டம்பரில் சியோல் ஒலிம்பிக் மைதானக் கச்சேரியில், இனி வழக்கமான கச்சேரிப் பட்டியலில் 'குட் டே' இருக்காது என்று அவரே அறிவித்துவிட்டார். அதனால் பழைய மேடைப் பதிவுகளுக்கு இப்போது மதிப்பு கூடியிருக்கிறது, கிடைக்கும்போது பார்த்துவிடுங்கள்.

2011 பிப்ரவரியில் இதன் தொடர்ச்சியாக 'ரியல் பிளஸ்' வந்தது. அதிலிருக்கும் 'தி ஸ்டோரி ஒன்லி ஐ டிட்ன்ட் நோ' யூன் சாங் இசையமைத்தது. 'குட் டே' நாடே பாடிக்கொண்டிருந்தபோது அதே மாதிரி இன்னொன்று கொடுக்காமல், தாளமே பெரிதாக இல்லாத ஒரு சோகப் பாட்டைக் கொடுத்தார்கள், இந்தக் கம்பெனி எடுத்த முடிவுகளில் நான் மனசாரப் பாராட்டுவது இது. 'லாஸ்ட் சைல்ட்' செய்ய நினைத்ததை இது ஆர்ப்பாட்டமே இல்லாமல் செய்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள்.

நடிப்பு என்று பார்த்தால் 'டிரீம் ஹை'. கேபிஎஸ்ஸில் 2011 ஜனவரி, பிப்ரவரியில் வந்த 16 பகுதிகள். கிம் சூ-ஹியூனும் சூஸியும்தான் முக்கிய ஜோடி, ஐயூவுக்குக் கிம் பில்-சுக் என்கிற இரண்டாம் கட்டப் பாத்திரம், அபாரமாகப் பாடத் தெரிந்தும் உடம்பு காரணமாக ஒதுக்கப்படுகிற பெண். ஆரம்பப் பகுதிகளில் குண்டாகக் காட்டும் உடையைப் போட்டுக்கொண்டு நடித்திருக்கிறார். வசனத்தில் ஆங்காங்கே பாடம் ஒப்பிக்கிற தொனி உண்டு, அனுபவமின்மை தெரிகிறது. ஆனால் கூச்சத்தோடு ஓரமாக நின்றுகொண்டு அடுத்தவர் பேசுவதைக் கேட்கிற காட்சிகளில் கண்ணை அவரிடமிருந்து எடுக்க முடியவில்லை. என் குறை கதையின் மேல்: உடம்பை இளைத்த பிறகுதான் அவளுக்கு மரியாதையும் காதலும் கூடிவருகிறது. முதல் மேடையிலேயே உருவக் கேலி வாங்கிய ஒரு பெண்ணிடம் இந்தப் பாத்திரத்தைக் கொடுத்து, அதற்கு இந்த முடிவையும் எழுதியிருக்க வேண்டாம். தொடரை முழுதாகப் பார்க்க நேரமில்லாதவர்கள் அதில் அவர் பாடிய 'சம்டே' பாட்டை மட்டுமாவது கேளுங்கள்.

தொகுப்பாளர் வேலையைப் பற்றிக் கொஞ்சம். 2010 ஜூலையில் தொடங்கிய எஸ்பிஎஸ்ஸின் 'ஹீரோஸ்' நிகழ்ச்சியில் நிரந்தர உறுப்பினர், தன்னைவிடப் பத்து வயதுக்கு மேல் மூத்த நடிகை யூ இன்-னாவோடு இன்று வரை நீடிக்கிற நட்பு அங்கே முளைத்ததுதான். 2011இல் அதே சேனலின் 'இன்கிகயோ'வில் தொகுப்பாளர் ஆனார். ஞாயிற்றுக்கிழமை நேரலை, எழுதிக்கொடுத்த இரண்டு வரியைக் கொஞ்சலாகச் சொல்லி அடுத்த பாட்டை அழைக்க வேண்டும். ஐயூவின் பேச்சுக் குரல் தாழ்ந்தது, நிதானமானது, அந்தக் கொஞ்சல் அவருக்குப் பொருந்தவே இல்லை. எழுதிக்கொடுக்காத கேள்வி ஏதாவது வந்து, ஒரு விநாடி யோசித்துப் பதில் சொல்கிற இடங்களில்தான் அவர் அவராக இருக்கிறார். 2020இலிருந்து யூடியூபில் அவர் நடத்தும் 'ஐயூஸ் பேலட்' பார்த்திருப்பவர்களுக்கு நான் சொல்வது புரியும். அங்கே விருந்தினரைப் பேசவிட்டுக் கேட்கத் தெரிந்த ஒரு நல்ல தொகுப்பாளர் இருக்கிறார், 'இன்கிகயோ' அவரிடம் கேட்டது வேறு எதையோ.

கடைசியாக 2011 நவம்பர் இறுதியில் வந்த 'லாஸ்ட் ஃபேன்டஸி'. பதிமூன்று பாட்டு. யூன் சாங், ஜோங் ஜே-ஹியோங், லீ ஜூக், கிம் குவாங்-ஜின் என்று கொரிய இசையின் மூத்த தலைகளும், இங்கிலாந்திலிருந்து கோரின் பெய்லி ரேயும் பாட்டு கொடுத்திருக்கிறார்கள். பதினெட்டு வயசுப் பெண்ணுக்கு இத்தனை பெரியவர்கள் தங்கள் நல்ல சரக்கைக் கொடுத்தது மரியாதைதான், அந்தக் குரலை நம்பத் தொடங்கிவிட்டார்கள். முதல் பாட்டு 'தி சீக்ரெட்' முழு ஆர்கெஸ்ட்ராவோடு எழும்புவது அற்புதம். 'யூ அண்ட் ஐ' நீங்கள் கேட்டிருப்பீர்கள், கடிகார முள்ளைச் சீக்கிரம் ஓடச் சொல்லி, வளர்ந்துவிடத் துடிக்கிற பெண்ணின் பாட்டு, ஏற்பாட்டின் நுணுக்கத்தில் 'குட் டே'யையே மிஞ்சுகிறது. ஆனால் முழு ஆல்பமாக ஒரே மூச்சில் கேட்டால் அலுக்கும். ஒவ்வொருவரும் தன் பாணியில் ஒரு பாட்டு கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், நடுவில் எனக்குச் சோர்வு தட்டியது. எல்லோருக்கும் பொருந்திப் போகிறார், ஐயூவுக்கு எது வேண்டும் என்பது மட்டும் தெரியவில்லை. இரண்டு பகுதியாகப் பிரித்துக் கேளுங்கள்.

அவருக்கு எது வேண்டும் என்பதற்கு அந்த வருஷத்தில் ஒரு பதில் இருக்கிறது, அது ஆல்பத்துக்கு வெளியே இருக்கிறது. 2011இல் 'தி கிரேட்டஸ்ட் லவ்' என்ற தொடருக்காக வரிகளும் மெட்டும் தானே எழுதிய 'ஹோல்ட் மை ஹேண்ட்'. அவர் எழுதி வெளிவந்த முதல் பாட்டு. கிட்டார், நேரடியான டிரம்ஸ், தொண்டையைத் திறந்து பாடுகிற பல்லவி. தயங்கிக்கொண்டு நிற்கிறவனிடம் கையைப் பிடி என்று இந்தப் பெண்ணே சொல்கிறாள், பொறுமை இழந்து, உரக்க. பத்து வருஷத்துக்கு மேல் கழித்து இது கொரியத் தரவரிசைகளில் மறுபடி ஏறியது, யாரும் விளம்பரம் செய்யாமலே. 'லாஸ்ட் ஃபேன்டஸி'யில் தேடினால் கிடைக்காது, அந்தத் தொடரின் பாட்டுத் தொகுப்பில் இருக்கும்.