பாம் ஜீசஸா, சே கதீட்ரலா?

பழைய கோவாவில் இரண்டு பெரிய தேவாலயங்கள்: சாலைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. கூட்டம் அள்ளுவது பாம் ஜீசஸ் பசிலிக்காதான்; புனித சவேரியாரின் உடல் வெள்ளிப் பேழையில் இருப்பது அங்கே. சேசு சபையார் 1594-இல் தொடங்கி 1605-இல் முடித்தார்கள். சுண்ணாம்புப் பூச்சை 1950-களில் உரித்துவிட்டதால் செம்புரைக்கல் அப்படியே தெரிகிறது. படத்துக்கு எடுப்பாக இருக்கும், சரி. ஆனால் கோவா மழைக்கு அந்தக் கல் தாங்காது, கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கிறது.

சே கதீட்ரல் வெள்ளை வெளேரென்று நிற்கிறது. 1562-இல் தொடங்கிய கட்டுமானம் 1619 வரை இழுத்தது. 1510-இல் போர்த்துகீசியத் தளபதி அல்புகர்க் கோவாவைப் பிடித்தது புனித கத்தரீனா திருநாளன்று. அதனால் கோயில் கத்தரீனாவுக்கு. இரண்டு கோபுரங்களில் ஒன்று 1776-இல் இடிந்தது, திரும்பக் கட்டவேயில்லை. மிச்சக் கோபுரத்தில் பெரிய ‘பொன்மணி’. உள்ளே தங்கமுலாம் பூசிய பீடத்தில் கத்தரீனாவின் கதை பலகை பலகையாக. கட்டடம் பார்க்க வந்தவருக்கு என் ஓட்டு இதற்கே.