வீட்டிலேயே ஆல்பம்: ரீப்பரா, எஃப்எல் ஸ்டூடியோவா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்து வீட்டின் பின்னறையில் எட்டு பக்திப் பாட்டு பதிவுசெய்து முடித்தோம். உறுமி, தவில், ஆர்மோனியம், குரல். கணினியில் பாட்டு பதிய எந்த சாஃப்ட்வேர் நல்லது என்று மேளக் குழுத் தம்பிகள் கேட்டுக்கொண்டே இருப்பதால் இதை எழுதுகிறேன். நான் ரீப்பர் பக்கம்தான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆடாசிட்டி இலவசம், ஒரு குரலை வெட்டி ஒட்ட நல்லது. பத்து பன்னிரண்டு டிராக் (குரல், வாத்தியம் ஒவ்வொன்றின் தனிப் பதிவு) சேர்ந்ததும் எனக்குக் கை ஓடவில்லை. கராஜ்பேண்டுக்கு ஆப்பிள் கருவி வேண்டும், எங்கள் வீட்டில் கிடையாது.

எஃப்எல் ஸ்டூடியோவில் பீட் (தாளக்கட்டு) போடுவது சுகம், ஒருமுறை வாங்கினால் ஆயுளுக்கும் அப்டேட் இலவசம். ஆனால் விலை குறைந்த ஃப்ரூட்டி பதிப்பை வாங்கிவிடாதீர்கள், அதில் மைக் வைத்துப் பாடிப் பதிய முடியாது. அதற்கு புரொட்யூசர் பதிப்பாவது வேண்டும். சோதனைப் பதிப்பில் சேமித்த வேலையைக் காசு கட்டும்வரை திரும்பத் திறக்கவும் முடியாது. நான் அதில் முழுப்பாட்டு ஒன்றைக்கூட முடித்ததில்லை, அதனால் மிக்ஸிங், அதாவது எல்லாச் சத்தத்தையும் அளவாகக் கலப்பது பற்றித் தீர்ப்பு சொல்ல மாட்டேன்.

ரீப்பரை 60 நாள் முழுதாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். அப்புறம் நம்மைப் போன்ற தனியாளுக்கு 60 டாலர், நம் காசுக்கு ஏறத்தாழ 250 வெள்ளி (ரிங்கிட்). ஏழாம் பதிப்புக்குக் கட்டினால் 8.99 பதிப்பு வரை அதே உரிமம் செல்லும்.

என்னை முடிவெடுக்க வைத்தது விலை இல்லை. எங்கள் ஆல்பம் முடிய பதினான்கு மாதம் ஆனது. எல்லாருக்கும் வேலை, ஞாயிறு மட்டும்தான் கூட முடியும், அதிலும் மழை தகரக் கூரையில் இறங்கிவிட்டால் அன்றைய பதிவு போச்சு. ஆறாவது பாட்டின்போது இடி விழுந்து லேப்டாப் எரிந்துவிட்டது. ரீப்பரை ஆரம்பத்திலேயே போர்ட்டபிளாக (கணினியில் இன்ஸ்டால் செய்யாமலே ஓடும்படி) வெளி ஹார்டிஸ்கில் போட்டு, பதிவுகளையும் அதே ஃபோல்டரில் வைத்திருந்தேன். மச்சானுடைய பழைய லேப்டாப்பில் சொருகினேன், எதையும் இன்ஸ்டால் செய்யவில்லை, உறுமியின் இழுப்புச் சத்தம் விட்ட இடத்திலிருந்து அப்படியே வந்தது, எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஈக்யூ (சத்தத்தின் கனம், கூர்மையைச் சரிசெய்வது), கம்ப்ரசர் (ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்வது), ரிவெர்ப் (எதிரொலி சேர்ப்பது) மூன்றுக்கும் ரீப்பரோடு வருபவற்றையே பயன்படுத்தியதால் எந்த பிளக்இன்னும் (சத்தத்தை மெருகேற்றும் துணை நிரல்) காணாமல் போகவில்லை. வெளியிலிருந்து இறக்கிப் போட்டிருந்தால் அவ்வளவு சுலபமாக இருந்திருக்காது. ஒரே உரிமத்தைப் பல கணினியில் வைத்துக்கொள்ளலாம், ஒரு நேரத்தில் ஒன்றில்தான் ஓட்ட வேண்டும்.

குறையும் உண்டு. பார்க்க வறட்சியாக இருக்கும், முதல் இரண்டு வாரம் மெனுவிலேயே தொலைந்து போனேன். கூடவே வரும் வாத்தியச் சத்தங்கள் ரொம்பக் குறைவு, பியானோ, வயலின் எல்லாம் வெளியில்தான் தேட வேண்டும். எங்களிடம் நிஜ வாத்தியங்கள் இருந்ததால் தப்பித்தோம். முழுக்க பீட்டை நம்பிய பாட்டு என்றால் எஃப்எல்தான் வசதி.

அடுத்த ஆல்பத்துக்குக் குழுத் தம்பி ஒருவன் எஃப்எல்லில் பீட் போட்டு வேவ் (WAV) ஒலிக்கோப்பாகத் தருகிறேன் என்றிருக்கிறான். அதை ரீப்பரில் இறக்கி, உறுமியையும் குரலையும் மேலே பதியப் போகிறோம்.