பழைய அம்பாசடரின் ஹெட்லைட்: ஒயரிங்கைப் பழுதுபார்ப்பதா, ரிலே வைப்பதா?

திருவொற்றியூரில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி நிற்கிறது என் 1994 அம்பாசடர். போன மழைக்காலத்தில் அதன் ஹெட்லைட் மங்கி மஞ்சளாகிப் போனது. எண்ணூர் விரைவுச் சாலையில் பின்விளக்கு இல்லாமல் நின்றிருந்த ஒரு டிரெய்லர், கிட்டே போன பிறகுதான் கண்ணில் பட்டது. பக்கத்தில் என் மகள் உட்கார்ந்திருந்தாள். மறுநாளே வேலையில் இறங்கினேன்.

பழைய ஒயரிங்கையே பழுதுபார்க்கலாம். ரிலே, அதாவது சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் ஸ்விட்ச், வைத்துப் புது ஒயர் இழுக்கலாம். வண்டி முழுக்க ஒயரிங்கை மாற்றலாம். எல்இடி பல்பு போடச் சொன்னவர்களும் உண்டு. ஹாலஜனுக்கென்று வடிவமைத்த விளக்கில் அதை மாட்டினால் ஒளி சிதறி எதிரே வருபவருக்குக் கண் கூசும். எனவே அந்தப் பேச்சையே விட்டுவிட்டேன்.

பழுதுபார்ப்பதுதான் மலிவு. முதலில் அதைத்தான் செய்தேன். மெக்கானிக் பல்புகளை மாற்றிக் கொடுத்தார், வெளிச்சம் தேறவில்லை. பிறகு நானே மல்டிமீட்டரோடு உட்கார்ந்தேன். விளக்கு எரியும்போது பேட்டரியில் 13.6 வோல்ட், பல்பு ஹோல்டரில் 11.2. ஹாலஜன் பல்பில் வோல்ட் பத்து சதவீதம் குறைந்தாலே வெளிச்சம் முப்பது சதவீதம் அளவுக்குக் குறைந்துவிடும். மீட்டரின் ஒரு முனையை ஹோல்டரின் எர்த்திலும் (மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு) மறு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் வைத்தேன். 0.9 வோல்ட் காட்டியது, 0.2 தாண்டினாலே கோளாறு என்று வைத்துக்கொள்ளலாம். எர்த் திருகைக் கழற்றினால் அடியில் பச்சைக் களிம்பு. உப்புத்தாளால் தேய்த்துவிடலாம் என்று நினைத்து ஒயரைச் சீவினேன். இரண்டு அங்குலம் தாண்டியும் செம்பு கறுத்தே இருந்தது. உப்புக்காற்று உறைக்குள்ளேயே ஏறிவிட்டது.

எங்கள் பகுதியில் இதுதான் முடிவைத் தீர்மானிக்கிறது. எதைச் செய்தாலும் களிம்பு திரும்ப வரும். வந்தால் எளிதாகக் கண்டுபிடிக்க முடியுமா என்பதே கேள்வி. 60/55 வாட் பல்பு இரண்டும் டிம்மில் எரிய ஒன்பது ஆம்பியருக்கு மேல் வேண்டும். பழைய அமைப்பில் அவ்வளவும் டேஷ்போர்டு ஸ்விட்ச் வழியாகச் சுற்றி வருகிறது. ரிலே வைத்தால் ஸ்விட்ச் ரிலேயை இயக்க மட்டுமே. பல்புக்கான மின்சாரம் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக நேரே போகிறது. கோளாறு வந்தாலும் பானெட்டைத் திறந்து ஃபியூஸ், ரிலே, எர்த் மூன்றையும் பார்த்தால் பெரும்பாலும் அகப்பட்டுவிடும். பிரைட்டுக்கும் டிம்முக்கும் தனித்தனி ரிலே இருப்பதால், டிம் எரியாவிட்டால் இரண்டையும் இடம் மாற்றினாலே குற்றவாளி தெரிந்துவிடும். ஃபியூஸைப் பேட்டரியை ஒட்டியே வைக்க வேண்டும். இதில் சிக்கனம் பார்த்தால் தீப்பிடிக்கும்.

அதனால் ரிலேதான் வைத்தேன். பழைய ஒயரை நான் வெட்டவில்லை. பழைய ஹோல்டரில் ஒன்றை அப்படியே ரிலேயை இயக்கும் புது ஒயரின் பிளக்கில் செருகியிருக்கிறேன். அசல் நிலையில் வேண்டும் என்று கேட்பவருக்கு விற்கும்போது பிடுங்கிவிடலாம்.

முழு ஒயரிங் மாற்றத்தை நான் செய்து பார்த்ததில்லை. தொட்டாலே உறை பொடியாகும் வண்டிக்கு அதைத் தவிர வழியில்லை. என் வண்டி அந்த நிலையில் இல்லை.

இப்போது ஹோல்டரில் 13.1 வோல்ட் வருகிறது. ரிலே ஒரு மழைக்காலத்தைத்தான் கண்டிருக்கிறது. ஐப்பசி பிறக்கும் முன் இரண்டு எர்த் திருகையும் கழற்றித் தேய்த்து, பெட்ரோலியம் ஜெல்லி தடவி முடுக்க வேண்டும். உபரி ரிலே ஒன்று டேஷ்போர்டு பெட்டியில் கிடக்கிறது.