தாதிமை இல்லத்தில் கை சுத்தம்: தூய்மியா, சோப்பா, கையுறையா?

தாதிமை இல்லத்தில் பெற்றோரைச் சேர்த்திருப்பவர்கள் பார்க்கப் போனால் முதலில் கவனிப்பது தாதியின் கையுறையைத்தான். போட்டிருந்தால் நிம்மதி, இல்லாவிட்டால் முகச்சுளிப்பு. எனக்கென்னவோ தூய்மி, சோப்பு, கையுறை மூன்றிலும் கடைசி இடம் கையுறைக்குத்தான்.

கட்டிலருகே அன்றாட வேலைக்கு ஆல்கஹால் கலந்த கைத்தூய்மிதான் (hand sanitiser) கெட்டிக்காரத் தேர்வு. பல கட்டில்கள் உள்ள அறையில் ஒருவரைப் புரட்டிப் படுக்கவைத்து, அடுத்தவருக்குக் கஞ்சி ஊட்டி, மூன்றாமவரின் கட்டில் கம்பியை இறக்கும் தாதி, ஒவ்வொரு முறையும் குழாயடிக்குப் போய் 40 முதல் 60 விநாடி கைகழுவுவது நடக்கிற காரியமா? தூய்மிக்கு 20, 30 விநாடி போதும். ஆனால் துளியூண்டு தடவி உதறிவிட்டால் பயனில்லை. உள்ளங்கை நிறைய எடுத்து, கட்டைவிரல், நகநுனி எதையும் விடாமல், தானாகக் காயும்வரை தேய்க்க வேண்டும். மறதிநோய் உள்ளவர்கள் எடுத்துக் குடித்துவிடலாம் என்பதால், சில இடங்களில் கட்டிலோரம் வைக்காமல் தாதியே சிறு குப்பியாக வைத்திருப்பார்.

யாருக்காவது வயிற்றுப்போக்கு என்றால் கதையே வேறு. வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும் நோரோ வைரஸிடம் தூய்மியில் உள்ள ஆல்கஹாலின் வீரம் அவ்வளவாகச் செல்லாது. கடும் வயிற்றுப்போக்கு தரும் ‘சி டிஃபிசில்’ கிருமியின் தடித்த உறை கொண்ட வித்துகள் (spores) அதற்கு அசையவே அசையாது. சோப்புப் போட்டுத் தேய்த்து, ஓடும் தண்ணீரில் கழுவித்தான் அவற்றைப் போக்க முடியும். கையில் அழுக்கு கண்ணுக்குத் தெரிந்தாலும் சோப்புதான்.

சரி, கையுறை? டயப்பர் மாற்றவும் புண்ணுக்குக் கட்டுப் போடவும் கட்டாயம் வேண்டும். சிரங்கு வந்தவரைத் தொடும்போதும் அப்படியே. அதோடு நீளக்கை மேலங்கியும் வேண்டும். ஆனால் டயப்பர் மாற்றிய அதே கையுறையோடு திரைச்சீலையை இழுத்து, அலமாரியைத் திறந்து, தண்ணீர்க் குவளையை எடுத்தால்? போட்டவர் கை தப்பித்தது, மற்றதெல்லாம் மாட்டிக்கொண்டது. கழற்றும்போதும் கையில் கிருமி ஒட்டலாம். அதனால் கழற்றியதும் கை சுத்தம் செய்தே ஆக வேண்டும்.

தாதியை மட்டும் சொல்லிப் பயனில்லை. 2020 ஏப்ரலில் கொவிட் காரணமாகச் சிங்கப்பூரில் உள்ள தாதிமை இல்லங்களில் வருகையாளர்களையே நிறுத்திவைத்தார்கள். இப்போது பார்க்கப் போகும் நாம்தான் திருநீறு பூசிவிடுகிறோம், வடையைப் பிட்டு வாயில் ஊட்டுகிறோம். மணிக்கட்டில் ஈரம் காயாத கோயில் கயிறு வேறு! அதற்குத் தூய்மியும் உதவாது, சோப்பும் உதவாது. கழற்ற மனமில்லையென்றால் ஊட்டும் வேலையை வேறொருவரிடம் விடலாம். தாத்தாவுக்கு வயிறு சரியில்லை என்று தாதி சொன்னால், அறையைவிட்டு வரும்போது தூய்மிக் குப்பியைத் தேடாமல் நேரே குழாயடிக்குப் போங்கள்.