தொப்பூர் இறக்கத்தில் தெரிந்த பிக்கப்: மூன்று வருட வி-கிராஸ் அனுபவம்

லிங்கராஜபுரத்தில் எங்கள் சந்துக்குள் இசுஸு வி-கிராஸை முதல் நாள் கொண்டுவந்து நிறுத்தியபோது எதிர்வீட்டு அம்மா கேட்டது: "காய்கறி வியாபாரம் ஆரம்பிக்கிறீங்களா தம்பி?" பெங்களூரில் பிக்கப் வாங்கியவர்கள் யாரும் இந்தக் கேள்விக்குத் தப்பியிருக்க முடியாது.

வியாபாரம் இல்லை. அண்ணன் மகன் ரேஸ் ஓட்டுகிறான். ரோல் கேஜ் (ஓட்டுபவரைக் காக்கும் இரும்புக் கூண்டு) போட்ட பழைய மாருதி எஸ்டீம், சுமார் 950 கிலோ. கோவை செட்டிப்பாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் டிராக்குக்கு வருடத்துக்கு ஆறேழு தடவை அதைக் கொண்டுபோக வேண்டும். ஒவ்வொரு முறையும் லாரி வாடகை கொடுத்து அலுத்துப்போய், சொந்தமாக ஒரு டிரெய்லரும் அதை இழுக்க ஒரு டீசல் பிக்கப்பும் என்று முடிவெடுத்தோம். அது 2022.

அப்போது என் முன்னால் இருந்தவை இரண்டு. டொயோட்டா ஹைலக்ஸில் 2.8 லிட்டர் இஞ்சின், மேனுவலில் 420 நியூட்டன் மீட்டர் டார்க் (இஞ்சினின் சுழற்று விசை), ஆட்டோமேட்டிக்கில் 500. வி-கிராஸில் 1.9 லிட்டர், 360 நியூட்டன் மீட்டர். டெக்சாஸில் இருக்கும் என் சகலை ராம் 2500 வைத்திருக்கிறார், 6.7 லிட்டர், ஆறு சிலிண்டர் கம்மின்ஸ் டீசல். "ரெண்டு லிட்டர்கூட இல்லாத இஞ்சினை வச்சு காரை இழுக்கப் போறீங்களா?" என்று போனிலேயே சிரித்தார். ஆனால் காரும் டிரெய்லருமாகச் சேர்த்து நான் இழுப்பது ஒன்றரை டன். ஆஸ்திரேலியாவில் வி-கிராஸ் சேர்ந்த இதே இசுஸு டி-மேக்ஸ் குடும்பத்து வண்டிகளுக்கு, பிரேக் உள்ள டிரெய்லர் என்றால், மூன்றரை டன் வரை அனுமதி உண்டு. மிச்சமாகும் பணத்தை டிரெய்லரில் போடலாம் என்று வி-கிராஸ் 4x4 மேனுவலை எடுத்தேன். விலை இருபது லட்சத்தைத் தாண்டினால் கர்நாடகாவில் சாலை வரி 18 சதவீதம். அந்த ரசீதைப் பார்த்த அன்று மட்டும் எனக்குக் கொஞ்சம் படபடப்பாக இருந்தது.

இழுவையில் இன்றுவரை எனக்குக் குறையில்லை. ஓசூர் தாண்டிய பிறகு ஐந்தாவது கியரில் 70-75ல் விட்டால் சத்தமில்லாமல் போகும். காலியாக ஓட்டினால் லிட்டருக்கு 12-13 கிலோமீட்டர், டிரெய்லரோடு எட்டரை. ஆனால் இழுவையை மட்டும் பார்த்து வண்டி வாங்கியது எவ்வளவு அரைகுறை என்று முதல் பயணத்திலேயே தெரிந்துவிட்டது.

கிருஷ்ணகிரி தாண்டி 80ஐத் தொட்டபோது ஒரு ஆம்னி பஸ் எங்களை முந்தியது. அந்தக் காற்றில் டிரெய்லர் வாலை ஆட்டத் தொடங்கியது. கண்ணாடியில் பார்த்தால் எஸ்டீம் இடதும் வலதுமாக ஊஞ்சல் ஆடுகிறது. "பிரேக்கை மிதிச்சிடாதடா" என்றார் அண்ணன். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி ஆக்சிலரேட்டரை மட்டும் விட்டேன். 55க்கு இறங்கியதும் அடங்கியது. பிறகு தொப்பூர் இறக்கம். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருண்டு வரும் லாரிகளுக்கு நடுவே மூன்றாவது கியரில் இறங்கினோம். இஞ்சின் பிடித்துக்கொண்டதே தவிர, பிரேக்கைத் தொட்டபோதெல்லாம் பின்னாலிருந்து ஒன்றரை டன் முதுகில் கைவைத்துத் தள்ளுவது போல இருந்தது. டிரெய்லர் கட்டிக்கொடுத்தவர் "அதுக்கெல்லாம் பிரேக் எதுக்கு சார், வண்டி பிரேக்கே போதும்" என்று சொல்லியிருந்தார். நானும் தலையாட்டியிருந்தேன்.

ஊர் திரும்பியதும் தெருமுனைக் காயலான் கடையின் பிளாட்பாரத் தராசில் டிரெய்லரின் மூக்கை ஏற்றி வைத்தோம். 40 கிலோ காட்டியது. மொத்த எடையில் குறைந்தது பத்தில் ஒரு பங்காவது கொக்கியின் மேல் உட்கார வேண்டும். எங்களுக்கு 150 கிலோ. எடை பின்னால் தங்கியதால்தான் ஆட்டம். எஸ்டீமை ஒன்றேகால் அடி முன்னால் தள்ளி நிறுத்தினோம். முள் 150ஐத் தாண்டியது. "அவ்ளோதானா சித்தப்பா?" என்றான் பையன். அவ்வளவுதான். சக்கரம் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு இரும்புக் கட்டையை வெல்டு வைத்தோம். வேறொரு பட்டறையில் ஓவர்ரன் பிரேக்கும் போட்டோம். வண்டி வேகம் குறையும்போது டிரெய்லர் முன்னால் முட்டும் அந்த விசையே அதன் பிரேக்கை அழுத்தும். அதன் பிறகு தொப்பூரில் என் கை வியர்த்ததில்லை.

காகித வேலையையும் சொல்லிவிடுகிறேன். டிரெய்லருக்குத் தனியாகப் பதிவு வேண்டும். அதன் எண்ணைப் பக்கவாட்டிலும், இழுக்கும் வண்டியின் எண்ணை டிரெய்லரின் பின்னாலும் எழுத வேண்டும். எங்களை நிறுத்திய எல்லாச் சோதனையிலும் முதலில் பார்த்தது அதைத்தான்.

ஊருக்குள் ஓட்டுவது வேறு கதை. நீளம் ஐந்தேகால் மீட்டருக்கு மேல். கமர்சியல் ஸ்ட்ரீட் பக்கம் நான் போவதே இல்லை. பின்னால் பட்டை ஸ்பிரிங் என்பதால் காலியாக வேகத்தடை ஏறினால் பின்சீட்டில் அம்மா முருகனைக் கூப்பிடுவார். கொக்கியில் எடை ஏறினால் அதே வண்டி சாதுவாகிவிடும். இரண்டு மாதம் சில்க் போர்டு நெரிசலில் மட்டும் ஓட்டியபோது டிபிஎஃப் (புகை வடிகட்டி) விளக்கு எரிந்தது. பிஎஸ்6 டீசலை நகரத்துக்குள்ளேயே உருட்டினால் புகை வடிகட்டியில் கரி சேரும். அது எரிந்து தீர வண்டி ஒரே வேகத்தில் சூடாக ஓட வேண்டும். கோலார் வரை ஒரு நடை போய்வந்தேன், விளக்கு அணைந்தது. தினமும் ஆபீஸ் மட்டும் போகிறவர்கள் டீசல் பிக்கப்பை மறந்துவிடுவது நல்லது.

ஒரு விஷயத்தில் நான் தப்புக் கணக்குப் போட்டேன். மேனுவல் போதும் என்றிருந்தேன். நெடுஞ்சாலையில் போதும்தான். ஆனால் எங்கள் சந்து ஏற்றம். டிரெய்லரை அதில் ரிவர்ஸ் எடுப்பதென்றால், ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்து, அரை கிளட்சில் அங்குலம் அங்குலமாக நகர வேண்டும். கருகல் வாடை வீட்டுக்குள் வரை வரும். 4எல் (நாலு சக்கரமும் இழுக்கும் லோ கியர்) போட்டால் மெதுவாக நகரும்தான், ஆனால் காய்ந்த தார் ரோட்டில் திருப்பிக்கொண்டே அதைப் போட்டால் முன் அச்சும் பின் அச்சும் மல்லுக்கட்டும். 54,000 கிலோமீட்டரில் கிளட்ச் பிளேட் மாற்றினேன். இன்று வாங்கினால் ஆட்டோமேட்டிக்தான் எடுப்பேன்.

இப்போதெல்லாம் மெயின் ரோட்டிலேயே எஸ்டீமை இறக்கிவிட்டு, கொக்கியைக் கழற்றி, காலி டிரெய்லரை நாலு பேர் கையால் தள்ளிக்கொண்டு வருகிறோம். டீக்கடைக்காரர் பாய்லரை விட்டு இறங்கி வந்து ஒரு கை போடுவார். எதிர்வீட்டு அம்மா வாசலில் நின்று, "இதுக்கா இவ்ளோ பெரிய வண்டி?" என்பார்.