அயோனோ கார்டு வாங்குகிறவர்களுக்கு: எனக்கு விற்ற இரண்டும் போலி

போக்கிமான் கார்டு விளையாடுகிறவர்கள், அதிலும் அயோனோவின் சிறப்புச் சித்திரப் பதிப்பைத் தேடிக்கொண்டிருப்பவர்கள், பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். இரண்டு கார்டுக்குப் பணம் கொடுத்தேன். இரண்டும் போலி என்பது ஒரு போட்டியின் நடுவில்தான் எனக்குத் தெரிந்தது. விற்றவரின் பெயரை இங்கே எழுதவில்லை. அவர் அந்தக் கணக்கையே மூடிவிட்டார், நாளைக்கு வேறு பெயரில் வருவார். அவர் எப்படி ஏமாற்றினார் என்பது தெரிந்தால்தான் உங்களுக்குப் பயன்.

புதிதாக விளையாட வந்தவர்களுக்காக ஒரு விளக்கம். அயோனோ என்ற பெண் கதாபாத்திரத்தின் படம் போட்ட இது ஒரு சப்போர்ட்டர் கார்டு, அதாவது ஆடுகிறவருக்கு உதவி செய்யும் வகை. ஆங்கிலத்தில் 2023 ஜூனில் பால்டியா எவால்வ்ட் தொகுப்பில் வந்தது. ஒரு டர்னில் ஒரு சப்போர்ட்டர்தான் போட முடியும். முதலில் ஆடுகிறவர் தன்னுடைய முதல் டர்னில் அதையும் போட முடியாது. அதனால் 60 கார்டு டெக்கில் (ஆடக் கொண்டுபோகும் கார்டுக் கட்டில்) எந்தச் சப்போர்ட்டர் எத்தனை என்று உட்கார்ந்து கணக்குப் போடுவோம். அயோனோவைப் போட்டால் இரண்டு பேரும் கையில் இருப்பதைக் கலைத்து டெக்கின் அடியில் வைத்துவிட வேண்டும். அப்புறம் அவரவருக்கு எத்தனை பரிசு கார்டு (எதிராளியின் போக்கிமானை வீழ்த்தும்போது எடுக்க ஒதுக்கி வைத்திருப்பவை, எல்லாவற்றையும் எடுத்தவர் ஜெயிப்பார்) மிச்சம் இருக்கிறதோ அத்தனை கார்டு எடுக்க வேண்டும். ஆட்டத் தொடக்கத்தில் ஆளுக்கு 6 வரும். எதிராளி ஜெயிக்கும் தறுவாயில், அவருக்கு ஒரே ஒரு பரிசு கார்டு மிச்சம் இருக்கும்போது போட்டால், எட்டுக் கார்டோடு உட்கார்ந்திருந்தவர் கையில் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். தோற்றுக்கொண்டிருப்பவரை எழுப்பி உட்கார வைக்கிற கார்டு இது. எனக்கு இதன் மேல் அவ்வளவு பிரியம்.

அந்தத் தொகுப்பில் இதே கார்டு மூன்று அச்சுகளில் இருக்கிறது. 185/193 சாதாரணம், 254/193 ஃபுல் ஆர்ட், 269/193 சிறப்புச் சித்திரம். மூன்றும் செய்கிற வேலை ஒன்றுதான், எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். விலைதான் பல மடங்கு வேறு. பாதி இளஞ்சிவப்பும் பாதி நீலமுமான அந்தத் தலைமுடியும், முடியில் குத்தியிருக்கும் மேக்னமைட் கிளிப்பும், கைகளை மூடித் தொங்கும் மஞ்சள் சட்டையும்தான் அந்த விலை வித்தியாசம். போலி அச்சடிப்பவர்களுக்கும் அது நன்றாகவே தெரிந்திருக்கிறது.

என் டெக்கில் மூன்று சாதாரண அயோனோ இருந்தன. இரண்டையாவது சிறப்புச் சித்திரமாக மாற்ற வேண்டும் என்று பல மாத ஆசை. 2024-இல் ஒருவர் இரண்டு கார்டை, மற்றவர்கள் கேட்பதில் முக்கால் பங்கு விலைக்குத் தருவதாகப் போட்டிருந்தார். பாதி விலை என்றால் சந்தேகப்பட்டிருப்பேன். முக்கால் பங்கு என்றதும், யாரோ அவசரத்துக்கு விற்கிறார்கள் என்று நம்பிவிட்டேன். படங்கள் தெளிவாகவே இருந்தன. ஆனால் எல்லாமே டாப்லோடர் என்ற கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, நேர் மேலிருந்து எடுத்த படங்கள். கார்டைச் சாய்த்து, வெளிச்சம் பட ஒரு சின்ன வீடியோ எடுத்து அனுப்ப முடியுமா என்று கேட்டேன். "கேமரா சரியில்லை, வேறு ஆட்களும் கேட்கிறார்கள், வேண்டுமென்றால் இன்றைக்கே சொல்லுங்கள்" என்று பதில் வந்தது. நான் அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். வீடியோ எடுக்க முடியாத அதே கேமரா அவ்வளவு தெளிவான படங்களை எப்படி எடுத்தது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பணத்தை பேபாலில் 'நண்பர்கள், குடும்பத்தினர்' முறையில் அனுப்பச் சொன்னார். கட்டணம் மிச்சமாகும், அதை விலையில் கழித்துக்கொள்கிறேன் என்றார். அனுப்பினேன். பொருள் வாங்குபவருக்கான பாதுகாப்பு அந்த முறைக்குக் கிடையாது. அந்தச் சின்னக் கழிவுக்காக, முழுப் பணத்தையும் திரும்பக் கேட்கும் வழியை நானே அடைத்துவிட்டேன்.

கார்டுகள் ஒழுங்காக வந்து சேர்ந்தன. பிரித்தேன், பார்த்தேன், மகிழ்ந்தேன், உடனே ஸ்லீவில் (ஆடும்போது கார்டுக்குப் போடும் மெல்லிய உறையில்) போட்டுவிட்டேன். வெறும் விரலால் ஒரு தடவைகூடத் தொட்டுப் பார்க்கவில்லை. விலை உயர்ந்த கார்டில் கைபடக் கூடாது என்ற பயம்தான் காரணம். பழைய சாதாரண அயோனோ இரண்டையும் தம்பியிடம் கொடுத்துவிட்டேன்.

அடுத்த மாதம் போட்டியில், இரண்டாவது சுற்றுக்கு முன் டெக் சோதனை. நடுவர் என் டெக்கை விரித்து ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தவர், அயோனோ வந்ததும் நின்றார். என் அனுமதி கேட்டு ஸ்லீவிலிருந்து வெளியே எடுத்தார். கட்டைவிரல் நகத்தைக் கார்டின் மேல் இலேசாக ஓட்டினார். சத்தமே இல்லை. பிறகு தன் பையிலிருந்து வேறொரு சிறப்புச் சித்திரக் கார்டை எடுத்து என்னையே தடவிப் பார்க்கச் சொன்னார். விரல்ரேகை மாதிரி மெல்லிய கோடுகள், நகம் பட்டால் கரகரவென்று தட்டுப்பட்டன. படத்தின் வளைவுகளோடு சேர்ந்தே அந்தக் கோடுகளும் ஓடின. என் கார்டு கண்ணாடி மாதிரி வழுக்கியது. எனக்கு முகம் சுருங்கிவிட்டது. திருப்பிப் பின்பக்கத்தை மூன்றாவது அயோனோவோடு சேர்த்து வைத்தார். சாதாரணக் கார்டின் நீலம் அழுத்தமாக இருந்தது. போலியின் நீலம் வெளிறி, ஊதா பக்கம் சாய்ந்திருந்தது. ஸ்லீவின் பின்பக்கம் வண்ணம் அடித்தது என்பதால் இத்தனை நாளும் அது என் கண்ணில் படவில்லை.

அவர் என்மேல் சந்தேகப்படவில்லை, கனிவாகவே பேசினார். ஆனால் விதி விதிதான். அசல் அயோனோ கைவசம் இருந்தால் மாற்றிக்கொள்ளலாம் என்றார். தம்பி வீட்டில் இருந்தான். வேறு வழியில்லாமல் அந்த இரண்டு இடத்திலும் அடிப்படை எனர்ஜி கார்டுகளை வைத்து ஆடினேன். மூன்றாவது சுற்றில் எதிராளிக்கு ஒரே பரிசு கார்டு மிச்சம், கை நிறையக் கார்டு. அயோனோ வேண்டிய சரியான நேரம். நான் எடுத்தது எனர்ஜி. அந்த இடத்தில் முதலில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். இன்றைக்கும் அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

இனி வாங்குகிறவர்கள் என்ன பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன். தடவிப் பார்ப்பதுதான் முதல் சோதனை. சாதாரண 185-இல் கோடுகள் இருக்காது, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இப்போது சில போலிகளிலும் கோடு போடுகிறார்கள். அவை படத்தைப் பற்றிக் கவலைப்படாமல் கார்டு முழுவதும் ஒரே சாய்வில் ஓடும். கீழ் ஓரத்தில் ஜி (G) என்ற ஆங்கில எழுத்து, தொகுப்பின் மூன்றெழுத்துக் குறி, 269/193 என்ற எண், இரண்டு தங்க நட்சத்திரம் இருக்க வேண்டும். நட்சத்திரம் வெள்ளியாக இருந்தால் அது 254-க்கு உரியது. என் போலியில் எண் 269 என்று இருந்தது, நட்சத்திரமோ மங்கலான மஞ்சள் புள்ளிகளாக இருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்திருந்தால் அன்றைக்கே பிடித்திருக்கலாம். எழுத்தின் தடிமனும் சாதாரண அயோனோவின் எழுத்தோடு ஒத்துப்போகவில்லை. கைபேசி டார்ச்சைப் பின்னால் பிடித்தால் போலியில் வெளிச்சம் அதிகமாக ஊடுருவும் என்பார்கள், என்னுடையதில் அப்படித்தான் ஆனது. ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். உங்களிடம் இருக்கும் ஓர் அசல் கார்டைப் பக்கத்தில் வைத்தே எதையும் பாருங்கள்.

விற்றவரிடம் கேட்டபோது, "அசல் என்று நான் எங்கே சொன்னேன்?" என்றார். பழைய செய்திகளைத் தேடிப் பார்த்தேன். உண்மைதான், 'மின்ட் கண்டிஷன்', அதாவது புத்தம் புதிது போன்ற நிலை, என்று மட்டும்தான் எழுதியிருந்தார். நான்தான் 'அசல்தானே' என்று ஒரு வார்த்தை எழுத்தில் கேட்டு வாங்கவில்லை. அடுத்த நாள் அவர் கணக்கு இல்லை.

தம்பி அந்த இரண்டு சாதாரண அயோனோவையும் கேட்காமலே கொண்டுவந்து என் மேஜையில் வைத்துவிட்டான். போலிகளின் முகத்தில் அழியாத மார்க்கரால் 'போலி' என்று பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன், வேறு யார் டெக்குக்கும் அவை போகக் கூடாது என்பதற்காக.